கன்னத்தில் ஒரு கற்கண்டு

தையலக்காவை விட்டால் ஆஸ்பத்திரி நாற்காலிகளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதிவிடுவாள். ரத்தப் பிரிவில் இருப்பவை இரும்பு நாற்காலிகள். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொள்ளும். கண் பிரிவில் பிளாஸ்டிக். எழுந்தால் துணியும் தோலும் சேர்ந்து எழும். பல் பிரிவில் மட்டும்தான் மெத்தை. பல்லைப் பறிகொடுக்கப் போகிறவனுக்கு முதுகாவது சுகமாக இருக்கட்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் நினைத்திருக்க வேண்டும். அந்த மெத்தையில் சாய்ந்து அவள் கண்ணை மூடினால் போதும், பக்கத்தில் இருக்கும் தம்பி முழங்கையால் இடிப்பான்.

“அக்கா, குறட்டை விடாத. மானம் போகுது.”

“உன்கூட அலையறவளுக்குக் குறட்டை விடக்கூட உரிமை இல்லையா?”

“விடு. ஆனா மெதுவா விடு.”

இதைச் சொல்வதற்குள்ளேயே அவன் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு ‘டப்’ என்று பிரியும். கையிலிருக்கும் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு. பேசுவதற்கென்றே பிறந்தவனுக்கு வந்த கதியைப் பாருங்கள்.

தையலக்கா என்பது தெரு வைத்த பெயர். மொத்த வியாபார மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் ஒரு மெஷின், ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, வருகிறவர்கள் உட்கார ஒரு ஸ்டூல். கடை என்பது அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சீருடை தைப்பாள். கல்யாணம் ஆனது, கட்டிக்கொண்டவர் சீக்கிரமே போய்ச் சேர்ந்தார், பிள்ளை குட்டி இல்லை. அதன் பிறகு வாழ்க்கை மெஷினோடு ஓடிவிட்டது. யாராவது வந்து நாளைக்கே வேண்டும் என்று நின்றால், என்ன இவ்வளவு அவசரம் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். வாங்கி வைத்துக்கொண்டு தைக்க ஆரம்பித்துவிடுவாள். இதை நல்ல குணம் என்று எல்லோரும் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்களெல்லாம் அவளிடம் ஏதாவது அவசரமாகத் தைத்து வாங்கியவர்களாகத்தான் இருப்பார்கள்.

தம்பிக்கு மார்க்கெட் வைத்த பெயர் வெண்கலம். வெண்கலக் குரல். பழக் கொட்டகையில் ஏலம் விடுகிறவன். அவன் தொண்டையைத் திறந்தால் பின்தெருவில் மெஷின் ஓட்டிக்கொண்டிருக்கும் அக்காவுக்குக் கேட்கும். இன்றைக்கு ஆரஞ்சு நல்ல விலை போகிறது, மாதுளை மந்தம் என்பதெல்லாம் அவளுக்கு உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. ஏலக்காரன் வாய் ஓயக் கூடாது. அவன் விலையைக் கூவிக்கொண்டே போவான், வாங்க வந்தவர்கள் தலையை ஆட்டுவார்கள், விரலைத் தூக்குவார்கள், விலை ஏறும். அவன் சத்தம் எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்தில் சரக்கு முடிந்தது. கடைசியாகச் சொன்ன விலைதான் விலை. தும்மல் வந்தது, மூச்சு வாங்கினேன் என்று சாக்குச் சொல்ல முடியாது. தோட்டத்திலிருந்து பழத்தைக் கொண்டுவந்து இறக்கியவனின் பிழைப்பு ஏலக்காரனின் மூச்சில்தான் இருக்கிறது. வெண்கலம் ஏலத்துக்கு வந்து நின்றால் தோட்டக்காரர்களுக்குத் தெம்பு. ஒரு தலையாட்டலுக்கும் அடுத்த தலையாட்டலுக்கும் நடுவில் ஏதாவது கேலி, ஏதாவது கிண்டல், யாருடைய தொப்பையையாவது வம்புக்கு இழுப்பது என்று சத்தத்தை விடாமல் இழுத்துக்கொண்டே போவான். எச்சில் கையால் காக்கா ஓட்டாத கொட்டகை முதலாளிகூட அவன் ஏலம் விடும்போது டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படிப்பட்டவனுக்குத்தான் ரத்தத்தில் புற்றுநோய் வந்தது. மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், அடங்கியது, திரும்ப வந்தது. கடைசியில் ஸ்டெம் செல் மாற்றினால்தான் பிழைப்பான் என்றார்கள். உடன்பிறந்தவர்கள் யாராவது பொருந்தினால் நல்லது. உடன்பிறந்தவள் அவள் ஒருத்திதான், பொருந்தினாள். டாக்டர் படம் போட்டு, அம்புக்குறி போட்டு, அவள் உடம்பிலிருந்து எதை எடுப்பார்கள், எப்படி எடுப்பார்கள் என்றெல்லாம் விளக்கினார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“எப்போ வரணும்?”

தம்பி பிழைத்தான். தெருவே அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடியது. உயிர் கொடுத்த தெய்வம் என்றார்கள். கால்சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்கள்கூட அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். முதல் கொஞ்ச நாள் அவளுக்கும் அது நன்றாகத்தான் இருந்தது. பிறகு அலுத்துவிட்டது. தெய்வமாக இருப்பதில் ஒரு தொல்லை, இடுப்பு வலிக்கிறது என்று யாரிடமும் சொல்ல முடியாது.

வாயின் கதை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் இருந்தபோதே வாயெல்லாம் புண். எச்சிலை விழுங்குவதற்கே கண்ணில் தண்ணீர் வரும். அது மருந்தின் வேலை, ஆறிவிடும் என்றார்கள், ஆறியது. வீட்டுக்கு வந்து பல மாதம் கழித்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று நிமிர்ந்து உட்கார்ந்த நேரத்தில் வாய் வறள ஆரம்பித்தது. முதலில் எச்சில் பசை மாதிரி இழைந்தது. பிறகு அதுவும் இல்லை. கன்னத்தின் உள்பக்கம் வெள்ளை வெள்ளையாக வலைபோலக் கோடுகள். பற்பசை வைத்தால் நெருப்பு. ரொட்டித் துண்டைத் தண்ணீரில் நனைக்காமல் விழுங்க முடியாது. எதைத் தின்றாலும் காகித அட்டையைத் தின்கிற ருசி.

ரத்தப் பிரிவு டாக்டர் பொறுமையாகச் சொன்னார். “உங்க அக்காவோட செல்கள் உங்க உடம்புல குடியேறி நல்லா வேலை செய்யுது. அதனாலதான் நீங்க நடமாடறீங்க. ஆனா அதுங்களுக்கு உங்க உடம்பு புதுசு இல்லையா? உங்க எச்சில் சுரப்பிகளைப் பாத்து, இது யாரோ வேத்து ஆளுன்னு நெனச்சு சண்டை போடுது. சில பேருக்குத் தோல், சில பேருக்குக் கண்ணு. உங்களுக்கு வாய்.”

வெண்கலத்துக்கு இது போதாதா? “குடியிருக்க இடம் கொடுத்தா வீட்டுக்காரனையே வெளிய தள்ளுறா பாத்தீங்களா டாக்டர்?”

டாக்டர் சிரித்தார், நர்ஸ் சிரித்தாள், தம்பி மனைவி சிரித்தாள், தையலக்காவும் சிரித்தாள். மறுநாள் கடையில் நூல் முனையை நாக்கில் நனைத்து ஊசியில் கோக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். கேட்காமலே ஊறுகிறது தன் வாய். இதே உடம்பிலிருந்து போனதுதான் அவன் வாயைக் காயப் போடுகிறது. அவளுக்கு அழுகை வந்தது. பிறகு, இத்தனை சீருடை பாக்கி இருக்கும்போது இதென்ன கூத்து என்று தன்னையே திட்டிக்கொண்டு தைக்க உட்கார்ந்தாள்.

மருந்துக் கடையில் செயற்கை எச்சில் என்று ஒன்று விற்கிறார்கள். வாயில் பீய்ச்சிக்கொள்வது. “எதிர்ல நிக்கறவன் மூஞ்சியில எச்சில் தெறிக்கக் கத்தினவன்க்கா நான். இன்னிக்கு அதையே கடையில வாங்கறேன்” என்றான் தம்பி. பீய்ச்சினால் கொஞ்ச நேரம் தாங்கும். ஒரு வண்டிப் பழத்தை ஏலம் விட்டு முடிக்கிற அளவுக்குத் தாங்காது.

இருந்தாலும் போனான். உடம்பில் கொஞ்சம் தெம்பு வந்ததும் கொட்டகைக்குப் போய் நின்றுவிட்டான். பழைய ஆட்கள் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். முதல் சரக்கு நன்றாகப் போனது. இரண்டாவது ஒரு தோட்டக்காரரின் ஆரஞ்சு. விலை ஏறிக்கொண்டிருந்த நேரம், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. பிரிக்கப் பார்த்தான், வரவில்லை. சத்தம் நின்றது. சரக்கு முடிந்தது. பாதி விலைக்குப் பழம் கைமாறியது. அந்தத் தோட்டக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. காலிக் கூடைகளை அடுக்கிக்கொண்டு, “உடம்பப் பாத்துக்கோப்பா” என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை தம்பி அக்காவின் கடைக்கு வந்தான். “கொஞ்சம் கற்கண்டு வாங்கி வையேன்” என்றான்.

ஏலக்காரர்களுக்குக் கற்கண்டு புதிதல்ல. தொண்டை கட்டாமல் இருக்க, ஏலம் தொடங்கும்போது ஒரு துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். வெண்கலமும் வாலிப வயதிலிருந்து அப்படித்தான். ஒன்று வைத்தால் அன்றைய ஏலம் முடிகிறவரை கரையும். இப்போது கரைக்க எச்சில் இல்லை. ஆனால் இனிப்பு பட்டதும் சுரப்பிகளில் மிச்சம் மீதி இருப்பது எதுவோ அசைந்து கொடுத்தது. நாக்கு புரண்டது. அதனால் ஒன்று போதவில்லை. ஒன்று முடிய ஒன்று, காலை முழுக்க.

அதை ஏன் அக்காவிடம் கேட்டான் என்றால், தம்பி மனைவிக்கு ஓட்டல் சலவைப் பிரிவில் வேலை. அவள் கை சட்டைப் பைக்குள் ஒரு முறை போய் வராமல் எந்தத் துணியையும் தண்ணீரில் போடாது. ஆஸ்பத்திரியில் சொன்னதை ஒரு எழுத்து பிசகாமல் செய்கிறவள் அவள். மென்மையான பிரஷ், உப்புத் தண்ணீர் கொப்பளிப்பு, இனிப்பு கூடாது என்று வீட்டில் ராணுவ ஆட்சி. இனிப்பு கூடாது என்பது தையலக்காவுக்கும் காதில் விழுந்துதான் இருந்தது. அவன் தின்கிற மாத்திரைகள் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் என்று முன்பு பேசிக்கொண்டார்கள். அதனால் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். சர்க்கரை சோதனை செய்ததில் ஒன்றும் இல்லை என்று தம்பியே சொன்னான். அப்புறம் என்ன? வாங்கி, பொத்தான் போடும் டப்பாக்களில் காலியாக இருந்த ஒன்றில் வைத்தாள். தினமும் கொட்டகைக்குப் போகிற வழியில் வருவான், ஒரு கைப்பிடி எடுத்துக்கொள்வான், போவான்.

கொஞ்ச நேரத்தில் அந்தக் குரல் பின்தெருவுக்குக் கேட்கும். பழைய வெண்கலம் இல்லை, கொஞ்சம் கீறல் விழுந்த வெண்கலம். ஆனாலும் நிற்காமல் வந்தது. அவள் மெஷினை மிதித்துக்கொண்டே கேட்பாள். அந்தச் சில மாதங்கள் அவளுக்கு மனசு லேசாக இருந்தது. என்னிடமிருந்து போனது அவன் வாயை அடைத்தால், என் கையிலிருந்து போவது திறந்துவிடுகிறது என்று ஒரு கணக்கு. சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு ஒரு நாள் தண்ணீரில் நனைத்த ரொட்டியைக் கடிக்கும்போது தம்பியின் கடைவாய்ப் பல் ஒடிந்து கையோடு வந்துவிட்டது. ரொட்டியில் பல் ஒடிந்த முதல் ஆள் நான்தான் என்று அதற்கும் ஒரு ஜோக் அடித்தான். அடுத்த வாரம் இன்னொன்று. தம்பி மனைவிக்கு வேலையில் விடுப்பு கிடைக்கவில்லை. அண்ணி, நீங்க கூட்டிட்டுப் போறீங்களா என்றாள். எப்போது வேண்டுமானாலும் கடையை மூடலாம் என்று எல்லோரும் நினைக்கிற தொழில் தையல் ஒன்றுதான். இப்படித்தான் தையலக்கா மெத்தை நாற்காலிக்கு வந்து சேர்ந்தாள்.

பல் டாக்டரம்மா இளம் வயது, ஆனால் நிதானமானவர். சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டார். அது கன்னத்தின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டது. இழுக்காமல், ஓரத்தில் தண்ணீர் தெளித்து மெல்லப் பிரித்தெடுத்தார். விளக்கைத் திருப்பிப் போட்டு அக்காவையும் கூப்பிட்டுக் காட்டினார். கீழ்வரிசைப் பற்கள் ஈறைத் தொடும் இடத்தில் பழுப்பாகச் சுற்றி வளைத்துக் குழிந்திருந்தன. அடிமரத்தில் கோடாலி பட்ட மாதிரி. இடது பக்கம்தான் மோசம். அந்தப் பக்கக் கன்னத்தில்தான் அவன் கற்கண்டை அடக்குவான் என்பது அக்காவுக்குத் தெரியும்.

“எச்சில்னா சும்மா தண்ணி இல்லைங்க ஐயா” என்றார் டாக்டரம்மா. “சாப்பிட்டதைக் கழுவி விடறது அதுதான். பல்லு அரிக்காம பாத்துக்கறதும் அதுதான். உங்களுக்கு அது இல்ல. அதனால சாதாரண ஆளுக்கு வருஷக்கணக்குல வர்ற கெடுதல் உங்களுக்கு மாசக்கணக்குல வந்துரும். ஆனா இது அதைவிட வேகமா வந்திருக்கு. ஏதாவது இனிப்பா வாயில அடக்கி வைக்கற பழக்கம் உண்டா?”

“இல்லைங்க டாக்டரம்மா. டீயிலகூட நான் சர்க்கரை போடறதில்ல.”

டீயில் அவன் சர்க்கரை போடுவதில்லை என்பது உண்மைதான். டாக்டரம்மா அக்காவைப் பார்த்தார். அவள் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

டாக்டரம்மா தொடர்ந்தார். ஒடிந்தவையும் ஆடுகிறவையும் எடுத்தாக வேண்டும். சும்மா பிடுங்கிவிட முடியாது. ரத்தப் பிரிவில் கேட்டு, அணுக்களின் அளவு பார்த்து, மாத்திரைகளைச் சரிசெய்து ஒரு நாள் குறிக்க வேண்டும். முன்பற்களை அடைத்து, தினமும் மருந்து தடவிக் காப்பாற்றிவிடலாம். ஆனால் அவையும் போனால் கஷ்டம். பல்செட் கட்டினால் நிற்காது. அதை ஈறோடு பிடித்து வைப்பதே எச்சில்தான். வறண்ட வாயில் உரசி உரசிப் புண்ணாகும். “அதனால முன்பல்லு போச்சுன்னா சாப்பிடறதும் கஷ்டம், பேசறதும் கஷ்டம். இன்னிக்கே இனிப்பை நிறுத்தினா அதைக் காப்பாத்தலாம். இருந்தா நிறுத்திடுங்க” என்றார். இருந்தா என்பதை அழுத்திச் சொன்னார்.

வெளியே பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நல்ல வெயில். பஸ் வருகிற வழியாக இல்லை. அவளுக்கு உள்ளே போட்டு வைக்க முடியவில்லை.

“நான்தான்டா உன் பல்லைக் கெடுத்தேன்” என்றாள். “என்கிட்டேயிருந்து வந்தது உன் எச்சிலை எடுத்துச்சு. மிச்சத்தை நான் கையால வாங்கிக் கொடுத்துக் கெடுத்தேன். எனக்குத் தெரியாதுடா. சத்தியமா தெரியாது.”

தம்பி பாட்டிலைத் திறந்து குடித்தான். மூடியைத் திருகினான்.

“எனக்குத் தெரியும்க்கா.”

“என்ன தெரியும்?”

“கற்கண்டு வேலைன்னு. ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்கு அனுப்பறப்பவே இதே டாக்டரம்மா உக்கார வெச்சு சொன்னாங்க. எச்சில் குறையலாம், அப்போ இனிப்பு வாயில நிக்கவே கூடாதுன்னு. பல்லு போனா போகட்டும்னுதான் வெச்சுக்கிட்டேன்.”

முதலில் அவளுக்கு நிம்மதிதான் வந்தது. அப்பாடா, தெரியாமல் நான் செய்த பாவம் இல்லை என்று ஒரு மூச்சு. அந்த மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் கோபம் வந்துவிட்டது. நோய் வந்த நாளிலிருந்து அவனிடம் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை அவள். எல்லாவற்றுக்கும் சேர்த்து வந்தது.

“தெரிஞ்சே தின்னியா? அப்புறம் என்னை ஏன்டா இதுல இழுத்துவிட்டே? ஊர்ல கடையே இல்லையா? உன் பொண்டாட்டி வாயைக் கட்டி வயித்தைக் கட்டி உன்னைப் பாத்துக்கறா. நான் அவளுக்குத் தெரியாம டப்பாவுல ஒளிச்சு வெச்சு உனக்கு நஞ்சு கொடுத்திருக்கேன். அவ மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?”

“மத்தவங்ககிட்ட கேட்டா ஏன்னு கேப்பாங்கக்கா. நீ கேக்க மாட்டே. உன் எலும்புக்குள்ள இருக்கறதைக் கேட்டப்போகூட ‘எப்போ வரணும்’னுதானே கேட்டே.”

அவன் அதைப் பெருமையாகத்தான் சொன்னான். அவளுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பஸ் வந்தது, இரண்டு பேரும் வேறு வேறு இருக்கையில் உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தார்கள்.

அன்று சாயங்காலமே தம்பி மனைவியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவள் சத்தம் போடவில்லை. அடுப்பை அணைத்தாள். “எனக்கும் அந்தச் சத்தம் கேக்கத்தான் ஆசை அண்ணி. ஆனா நான்தானே வேணாம்னு சொல்ற ஆளா இருக்க வேண்டியிருக்கு” என்றாள். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததைத் தையலக்கா அன்றைக்குத்தான் கவனித்தாள்.

பல் எடுக்க ஆஸ்பத்திரி குறித்துக் கொடுத்த நாள், புதுப் பழ சீசன் திறக்கிற நாளாக வந்து விழுந்தது. கொட்டகையில் இன்னொரு வழக்கம், சீசனை யார் திறந்து வைக்கிறார்களோ அவர்தான் சீசன் முழுக்க ஏலம் விடுவார். முதலாளியின் மருமகன் மைக் வாங்கி வைத்துக்கொண்டு தயாராக நின்றான். “திறப்பு நாளைக்கு வந்தீன்னா இடம் உனக்கு. வரலேன்னா நான் என்ன பண்றது சொல்லு” என்று முதலாளி சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. பழம் யாருக்காகவும் அழுகாமல் காத்திருக்காது.

திறப்புக்கு முந்தின நாள் தம்பி அக்காவின் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். அவள் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஆஸ்பத்திரிக்கு ஒரு வாரம் கழிச்சுப் போறேனே” என்றான். “ஒரு வாரம்தான்க்கா. திறந்து வெச்சுட்டேன்னா இடம் நின்னுடும். கொஞ்சம் வாங்கி வையேன்.”

அவள் மெஷினை நிறுத்தினாள். ஒருவர் வந்து ஒன்று வேண்டும் என்று நிற்கும்போது, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“ஏன்?”

அவன் இதை எதிர்பார்க்கவில்லை. பாட்டிலை எடுத்தான், குடிக்காமல் வைத்துக்கொண்டான்.

“திங்கறது எல்லாம் அட்டை மாதிரி இருக்குக்கா. பல்லு வெளக்கினா எரியுது. கொட்டாவி விட்டா எரியுது. சிரிச்சா உதடு வெடிக்குது. இந்த வாயால எனக்கு வலியைத் தவிர ஒண்ணும் இல்ல. அங்க நின்னு கூவறப்போ மட்டும்தான், எனக்கும் ஒரு வாய் இருக்குன்னு தோணுது. அதுக்குப் பல்லைக் கொடுத்தா என்ன? பல்லை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்?”

இவ்வளவு பேசியதில் அவன் உதட்டோரம் நுரை வெள்ளையாகக் காய்ந்திருந்தது. அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. இதை முன்பே கேட்டிருந்தால் அவள் டப்பா டப்பாவாக வாங்கி வைத்திருப்பாள் என்பதும் தெரிந்தது. அதனால்தான் சொல்வதற்கு இவ்வளவு கஷ்டமாக இருந்தது.

“இல்லடா. நான் வாங்கித் தர மாட்டேன்.”

அவன் பாட்டில் மூடியைத் திருகினான்.

“வேணும்னா நீயே போய் வாங்கிக்கோ. தெருமுனையிலேயே கடை இருக்கு. என் கையால வராது.”

கடைக்குப் போய் வாங்கத் தெரியாதவனா அவன்? ஆனால் தானே வாங்கித் தின்றால் அது அவன் செய்கிற காரியம். அக்கா கொடுத்தால் அது பாசம். அந்த வித்தியாசத்தில்தான் அவன் இத்தனை நாள் ஓட்டியிருந்தான். இப்போது தெருமுனையைப் பார்த்தான், எழுந்திருக்கவில்லை.

அவள் ஸ்டூல் பக்கம் வந்து நின்றாள். “நீ ஏலம் விடணும்னு நான் உன்னைப் பொழைக்க வெக்கலடா. நீ காலையில வந்து இந்த ஸ்டூல்ல சும்மா உக்காந்திருந்தாக்கூட எனக்குப் போதும். ஒரு வார்த்தை பேச வேணாம். ஒரு வேலை செய்ய வேணாம். இருந்தா போதும்டா எனக்கு.”

சொன்னதும் அவளுக்கே வெட்கமாக இருந்தது. அவர்கள் இருவரும் அப்படிப் பேசிக்கொள்கிற ரகம் இல்லை.

“உனக்குப் போதும்க்கா” என்றான். “எனக்குப் போதலையே.”

அவள் பாதியில் நின்ற காலரை எடுத்து முடித்தாள். அவன் எழுந்து, வீட்டுப் பக்கம் போனான்.

மறுநாள் காலை இருவரும் ஆஸ்பத்திரி பஸ்ஸில் போனார்கள். அவன் வருவானா மாட்டானா என்று தெரியாமல்தான் அவள் பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். அவன் முன்னாடியே வந்து நின்றிருந்தான். பஸ் மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டுதான் போகும். கொட்டகை வாசலில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. அவற்றுக்கு மேலே மைக்கில் மருமகனின் குரல் வந்தது. தம்பி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தான். காதை மூடவும் இல்லை, எட்டிப் பார்க்கவும் இல்லை.

“பரவாயில்ல” என்றான், சிக்னலில் பஸ் நின்றபோது. “நல்லாத்தான் விடறான்.”

அவள் அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவன் இழுத்துக்கொள்ளவில்லை. பதிலுக்குப் பிடித்துக்கொள்ளவும் இல்லை. ஆஸ்பத்திரி வருகிற வரைக்கும் அவள் விடவில்லை.